முதல் மூன்று அடி

நான் வேலை செய்த ஃபுட்போல் கழகத்தில் எல்லோரும் அவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டார்கள். தமிழர் என்று பார்த்தால் அங்கே வேலையில் நானும் அவரும் மட்டுமே. ஆனால் கதவை அடைக்கும் தோள்களோடு வந்த ஆட்டக்காரர்கள், ஜமெய்க்காப் பெற்றோரின் பிள்ளைகள், சஸ்கச்சுவான் பண்ணைகளில் வளர்ந்தவர்கள் என்று எல்லோருக்கும் அவர் அன்ரி. நான் மட்டும் அக்கா என்றேன். முதல் நாள் நானும் அன்ரி என்றுதான் தொடங்கினேன். "எனக்கும் உமக்கும் பன்ரண்டு வயசுதான் வித்தியாசம். ஏன் தம்பி சும்மா வயசைக் கூட்டுறீர்?" என்று கேட்டார். அதோடு திருந்திவிட்டேன்.

இந்த விளையாட்டைப் பற்றி நாலு வரி சொல்லவேண்டும். இது காலால் உதைக்கிற பந்து அல்ல. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் விளையாடுவது. எறிகிறவனுக்கு குவாட்டர்பேக் என்று பெயர். அவன் பந்தை வாங்கி, யாருக்கு எறியலாம் என்று தேடுகிற இரண்டு மூன்று வினாடிக்குள் பாய்ந்துபோய் அவனை விழுத்துவதற்கென்றே எதிரணியில் ஓரத்தில் ஒருவன் நிற்பான். அவன்தான் ரஷர். இருவருக்கும் நடுவில் முந்நூறு இறாத்தல் மனிதன் ஒருவன் மறித்துக்கொண்டு நிற்பான். அவனை இடித்துக்கொண்டு போவதா, சுற்றிக்கொண்டு போவதா என்பதுதான் ரஷரின் முழுப் பிரச்சினையும். பல்கலைக்கழக அணியிலிருந்து புதிதாக வருகிறவனை ரூக்கி என்பார்கள். ஒரு ரூக்கி ரஷரின் உடம்பில் என்ன இருக்கிறது, தொழிலாக விளையாடுகிறவர்கள் நடுவே அவன் தாக்குப்பிடிப்பானா என்று பார்த்துச் சொல்ல அக்காவைக் கூப்பிடுவார்கள்.

என்னுடைய வேலை வீடியோ வெட்டுவதும் எண்களைச் சேர்ப்பதும். நாற்பது யார் தூரத்தை ஓட எத்தனை வினாடி, நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் பாய்கிறான், எவ்வளவு பாரம் எத்தனை தரம் தூக்குகிறான், எல்லாம் என் கணினியில் இருக்கும். எண் பொய் சொல்லாது என்று நம்பிய காலம் அது.

அக்கா மைதான ஓரத்தில் ஒரு குட்டை மடிப்பு ஸ்டூலைப் போட்டு இருப்பார். மற்றவர்கள் உயரமான மேடையில் ஏறி நின்று பார்க்கிறபோது அவர் தரையோடு தரையாக, ஆட்டக்காரர்களின் கணுக்கால் மட்டத்தில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பார். மே மாதக் காற்று இன்னும் குளிராக இருக்கும். தடித்த ஜக்கெற், கழுத்தைச் சுற்றி ஒரு மண்ணிறச் சால்வை, பக்கத்தில் இஞ்சி போட்ட பிளேன்ரீ பிளாஸ்க். பந்து எங்கே போகிறது, யார் பிடித்தான், யார் விழுந்தான் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. ரஷர் எழும்பி வைக்கிற முதல் மூன்று அடிதான் அவருக்கு வேண்டும். நாலாவது அடி வைக்கும்போதே அவர் குனிந்து எழுதத் தொடங்கிவிடுவார். சனம் கத்தும். அவர் நிமிரமாட்டார்.

எழுதுவது தமிழில். கொப்பியின் நடுவே ஒரு கோடு கீறி, இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'காணாதது' என்று தலைப்புப் போட்டிருப்பார். மற்றவர்கள் எட்டிப் பார்த்தாலும் விளங்காது. ஒருமுறை ரஷர்களின் பயிற்றுநர் என்னிடம் கொப்பியைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது? இவன் சரிவரமாட்டான் என்றா?" என்று கேட்டார். வலப்பக்கத்தில் 'கையால் தட்டி விலத்துவது' என்று இருந்தது. அவனிடம் அது இல்லை என்று நான் மொழிபெயர்த்தேன்.

அக்கா உடனே ஆங்கிலத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார். "நான் இல்லையெண்டு எங்கை எழுதினனான்? காணேல்லை எண்டெல்லோ எழுதினனான். ரெண்டும் ஒண்டே?"

"கிட்டத்தட்ட ஒண்டுதானே அக்கா."

"இல்லைத் தம்பி. இல்லை எண்டு சொன்னா அவன் வீட்டை போகவேணும். காணேல்லை எண்டு சொன்னா நான் நாளைக்கும் வரவேணும்."

அப்படியே அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் மழைக்குள் இருந்து அந்த வரியை வெட்டி இடப்பக்கத்துக்கு மாற்றினார்.

கழகங்களில் ஆள் தெரிவு செய்கிறவர்கள் 'தெரியாது' என்று சொல்வதைக் கேட்க முடியாது. தெரியாது என்கிறவனுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். அக்கா ஒரு கூட்டத்தில் ஐந்து தரம் அதைச் சொல்வார். "தெரியேல்லை" என்பதை முதலில் தமிழில் தனக்குத்தானே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சபைக்குச் சொல்வார். தெரிவுப் பிரிவின் தலைவர் நல்ல மனிதர், ஆனால் பொறுமை குறைவு. ஆரம்பத்தில் பேனாவால் மேசையைத் தட்டுவார். இரண்டாம் வருடத்திலிருந்து அக்கா 'கண்டேன்' என்று சொன்னால் கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்.

இந்தக் குணம் மைதானத்தோடு நிற்கவில்லை. அவருடைய தங்கையின் மகளுக்கு மில்லிக்கனில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. பெரியவர்களாகச் சேர்ந்து பார்க்கப் போனார்கள். வீட்டுக்காரர் தன் புது வீட்டைச் சுற்றிக் காட்ட, மாப்பிள்ளையும் மாடிப்படியில் கூட ஏறி இறங்கியிருக்கிறார். எல்லோரும் பலகாரத் தட்டுக்கு முன்னால் இருந்தபோது தங்கை, "அக்கா, என்ன சொல்லுறியள்?" என்று கேட்டிருக்கிறார். சும்மா ஒரு வாய்ச்சொல்லுக்குத்தான் கேட்டது.

"நல்ல பெடியன். ஆனா பதின்மூண்டு படி ஏற மூச்சு வாங்குது. ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டினா நல்லம்."

அதன்பிறகு அந்த அறையில் பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை. மாப்பிள்ளையின் தாய் மூன்று வாரம் தொலைபேசியை எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெடியன் ரோசத்தில் போய் எல்லாச் சோதனையும் செய்தான். ஒரு குறையும் இல்லை. அன்று அவனுக்குத் தடிமன், மூக்கடைப்பு, அவ்வளவுதான். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக அந்த வீட்டுக்குப் போனார். உள்ளே கூடக் கூப்பிடவில்லையாம். வாசலில் நின்றபடி, "மூச்சு வாங்கினதைக் கண்டனான், அது சரி. ஏனெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு டொக்டரைச் சொன்னது என்ரை பிழை" என்று சொல்லிவிட்டு வந்தார். கல்யாணம் நடந்தது. அக்காவுக்கும் அவரோடு போன எனக்கும் மண்டபத்தில் கடைசிக்கு முதல் மேசை கிடைத்தது. அங்கிருந்து மாப்பிள்ளை ஆடுவதைப் பார்த்து, "இடுப்பு நல்லாத் திரும்புது" என்று என்னிடம் சொன்னார்.

மன்னாரில் அவர் தடை தாண்டி ஓடியவர். பிறகு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ரீச்சர். இங்கே வந்து மருத்துவமனைச் சலவைப் பகுதியில் சில வருடம், பிறகு ஒரு படிப்பு, பிறகு ஸ்காபரோவில் ஒரு சிகிச்சை நிலையத்தில் உதவியாளர். அங்கேதான் எங்கள் கழகத்தின் மூத்த ஆட்டக்காரன் ஒருவன் முழங்கால் நோவோடு போயிருக்கிறான். அவன் அறைக்குள் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, "முழங்காலிலை நோகுது, ஆனா பிழை இடுப்பிலை" என்றாராம். அவன் வந்து கழகத்தில் சொன்னான். தலைவர் ஒருநாள் மைதானத்துக்குக் கூப்பிட்டார். அந்த ஒருநாள் ஒன்பது வருடமாகிவிட்டது. இவ்வளவும் நான் அவரிடம் துண்டு துண்டாகக் கேட்டு அறிந்தது. தன்னைப் பற்றிச் சொல்ல அவர் ஆசைப்பட்டதில்லை.

ஜெரோம் வந்தது அவருடைய ஏழாவது வருடத்தில்.

ஸ்காபரோவின் ரூஜ் பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெடியன். தகப்பன் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர், தாய் ஒரு பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் வேலை. தீவுப்பகுதிக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு பூசைக்கு அக்கா போகிற கோயிலுக்குத்தான் அவர்களும் வருவார்கள். ஜெரோமின் எண்கள் என் கணினிக்கு வந்த நாளில் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அந்த உடம்புக்கு அந்த ஓட்டம். அந்தப் பாய்ச்சல். நான் மூன்று கூட்டத்தில் அவனுக்காகப் பேசினேன். கழகங்கள் முறைவைத்துப் புது ஆட்களை எடுக்கிற தெரிவின் கடைசிச் சுற்றுக்களில் ஒன்றில் எங்கள் கழகம் அவனை எடுத்தது. எங்கள் ஆட்கள் நடுவே செய்தி பரவியது. கடையில் மீன் வெட்டுகிறவர்கூட என்னிடம் அவனைப் பற்றிக் கேட்டார். ஒரு தமிழ் வானொலி அவனைப் பேட்டிக்கு ஒழுங்கு செய்தது.

பயிற்சி முகாம் இரண்டு வாரம். அதன் முடிவில் ரஷர்களில் ஒரு ரூக்கிக்குத்தான் இடம். முதல் நாலு நாளும் அக்கா ஜெரோமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் நானாகப் போய்க் கேட்டேன்.

"எப்பிடி அக்கா எங்கடை பெடியன்?"

கொப்பியை என் பக்கம் திருப்பினார். இடப்பக்கம்: முதல் அடி கெதி, இடி பலம், களைப்பு இல்லை. வலப்பக்கம் ஒரே சொல்: திரும்புவது.

"நேரை போறான் தம்பி, றெயில் மாதிரி. ஆனா மூலையிலை வளையிறானில்லை. குவாட்டர்பேக்கைத் தாண்டி அங்காலை போறான். வடிவாப் பாத்தனீரோ?"

நான் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மறிக்கிறவனைச் சுற்றி வருகிற இடத்தில், மற்றவர்கள் மோட்டர்சைக்கிள் சரிவதுபோல் உள்பக்கம் சரிந்து வளைகிறார்கள். ஜெரோம் நிமிர்ந்தபடி அகலமாகச் சுற்றினான். ஒவ்வொரு முறையும் ஒரு முழம் தள்ளிப் போனான். நூறு எண் சேர்த்து வைத்திருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் அக்கா அவனைக் கூப்பிட்டு, சப்பாத்தைக் கழற்றிச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னார். குதிக்காலை எடுக்காமல் முழங்காலைச் சுவரில் முட்டச் சொன்னார். வலது கால் சுகமாக முட்டியது. இடது கால் முட்டவில்லை. பாதத்தைக் கிட்டக் கிட்ட வைத்தும் கணுக்கால் பூட்டிய கதவுபோல் நின்றது.

"எப்ப உடைஞ்சது மகன்?"

"உடையேல்லை அன்ரி. It's just tight. ஸ்ரெச் பண்ணினாச் சரியாயிடும்."

அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போயிட்டு வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அக்காவிடம் ஒரு வீடியோத் தட்டைக் கொடுக்க நான் கோயில் கார்த் தரிப்பிடத்தில் நின்றேன். அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது ஜெரோமின் தாய் கிட்ட வந்தார். என்னை அவருக்குத் தெரியும், அதனால் விலகச் சொல்லவில்லை.

"அக்கா, பெடியன் எல்லாம் சொன்னவன். அவனுக்குப் பதினொரு வயசிலை உடைஞ்சது. தேப்பனோடை வேலைக்குப் போன இடத்திலை ஏணியிலை இருந்து விழுந்தவன். சின்னப் பிள்ளையை வேலைக்குக் கொண்டுபோனது எண்டு பிரச்சினை வந்திடும் எண்டு நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கெதியாக் கொண்டு போகேல்லை. எல்லா ஃபோமிலும் காயம் இல்லையெண்டுதான் எழுதினவன். இப்ப தெரிய வந்தா மறைச்சதெண்டு கலைச்சுப் போடுவாங்கள். எழுதிப்போடாதேங்கோ அக்கா."

அவருடைய கை அக்காவின் சால்வை நுனியைப் பிடித்திருந்தது. பிடித்தது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்கள் சொன்னதை நான் எழுதமாட்டன். ஒருத்தர் சொல்லிக் கேட்டது என்ரை கொப்பிக்குள்ளை வாறேல்லை. ஆனா கால் மடங்கேல்லை எண்டதை நான் என்ரை கண்ணாலை கண்டிட்டன். அதை எழுதத்தான் வேணும்."

"அப்ப ரெண்டும் ஒண்டுதானே!"

"இல்லைப் பிள்ளை."

தாய் கையை எடுத்தார். தன்னுடைய காருக்குப் போனார். தூரத்தில் தகப்பன் கார்க் கதவைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காரில் ஏறுமுன் நானும் என் பங்குக்குச் சொன்னேன். "அக்கா, ஒருக்கா விட்டுக்குடுங்கோவன். எங்கடை ஆக்களிலை ஒருத்தன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான்."

"நான் எழுதாட்டி அவன்ரை கால் மடங்குமோ?"

"மடங்காது."

"பிறகென்ன?"

எனக்குக் கோபம் வந்தது. அதை இப்போதும் மறைக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. கல்லுக்கும் கொஞ்சம் ஈரம் இருக்கும் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

முகாமின் கடைசி வாரம், புதன்கிழமை காலை, தெரிவுக் கூட்டம். அக்காவின் அறிக்கை ஒரு பக்கம். அதில் கடைசி வரிகள்: 'இடது கணுக்கால் மடங்கவில்லை. இடப்பக்கம் சரிந்து வளைய அது வேண்டும். மற்றப் பக்கத்தில் நிறுத்தினால் வலது கணுக்காலில் சரியலாம். செய்வானா என்று தெரியவில்லை, நான் காணவில்லை.'

தலைவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "பழைய முறிவா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்கு அது தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். ஓம் என்று சொன்னால் அந்தத் தாய்க்குக் கொடுத்த வாக்கு உடையும்.

"அதை அவரிடம்தான் கேட்கவேண்டும்" என்றார் அக்கா.

தலைவர் அந்த இடத்திலேயே ஜெரோமைக் கூப்பிடுவித்தார். பயிற்சி உடுப்போடு, தலையில் வியர்வையோடு வந்து நின்றான். ஐந்து பேர் மேசையைச் சுற்றி இருந்தோம். கேள்வி கேட்கப்பட்டது. ஜெரோம் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா, இல்லையா என்று அந்த முகத்தில் தேடினான் போல. யாரையும் விடாமல் பார்க்கிற அந்த மனுசி அன்று முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். வெளியே புல் வெட்டுகிற வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அவன் எந்தப் பக்கம் போனாலும் அது அவனுடைய முடிவாக இருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. அந்த அரை நிமிடத்தில் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஓம்" என்று தமிழில் தொடங்கிவிட்டான் ஜெரோம். பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். பதினொரு வயதில் உடைந்தது, சரியாகப் பொருந்தவில்லை, ஃபோமில் எழுதவில்லை, அது தன்னுடைய பிழை. தகப்பனைப் பற்றியும் ஏணியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் போனபிறகு தலைவர் பேனாவால் மேசையைத் தட்டினார். மறைத்தவனை வைத்திருக்க முடியாது என்றார் ஒருவர். அக்கா ஆங்கிலத்தில் மெதுவாக, "வெள்ளிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. மற்றப் பக்கத்தில் ஒருமுறை பார்ப்போம். நான் இன்னும் பார்க்கவில்லை" என்றார். தலைவர் அறிக்கையைத் திரும்ப வாசித்தார். கடைசியில் சரியென்று தலையை ஆட்டினார்.

வெள்ளி பின்னேரம் பயிற்சி ஆட்டம். கடைசிக் கால்பகுதியில், மூத்தவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, ஜெரோமை மற்றப் பக்கத்தில் இறக்கினார்கள். பழக்கமில்லாத பக்கம். முதல் சில தரம் கால் தடுமாறியது. ஒருமுறை விழுந்தே போனான். பிறகு ஒருமுறை, மறிக்கிறவன் கையை நீட்ட, இவன் அதற்குக் கீழால் தோளைத் தாழ்த்தி, வலது காலில் சரிந்து, ஒரு வட்டத்தின் உட்புறத்தைத் தடவிக்கொண்டு போவதுபோல் வளைந்து போனான். குவாட்டர்பேக் எறியவில்லை. நிலத்தில் கிடந்தான்.

நான் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அக்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஒருக்கா" என்றார்.

அடுத்த நாள் அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது: வலப்பக்கம் வளைவது, கண்டேன், ஒருமுறை. ஒருமுறை போதாது என்று தலைவர் சொன்னதும் நியாயம்தான். அந்த ஒற்றை இடம் இன்னொரு பெடியனுக்குப் போனது. ஆனால் ஜெரோமைக் கலைக்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் வருகிற அணியில் வைத்துக்கொண்டார்கள். அக்கா கிழமைக்கு இரண்டு தரம் அந்தக் கணுக்காலோடு மல்லுக்கட்டினார். அது கடைசிவரை முழுதாக இளகவில்லை. அடுத்த வருடம் ஏழெட்டு ஆட்டங்களில் அணியின் உடுப்போடு இறங்கினான், எல்லாம் மற்றப் பக்கத்தில். அதற்கடுத்த வருடம் விட்டுவிட்டான். இப்போது தீயணைப்பு வீரனாக இருக்கிறான். வானொலிப் பேட்டி ஒருநாளும் நடக்கவில்லை. தகப்பன் அக்காவோடு ஒரு வருடம் பேசவில்லை. அந்தப் பெடியனை அக்கா கவிழ்த்துவிட்டார் என்று கோயிலில் கொஞ்சப் பேர் கதைத்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. "அவையள் கண்டதை அவையள் சொல்லுகினம்" என்றார். தாய் மட்டும் சில மாதங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிறு வந்து அக்கா இருந்த வாங்குப் பலகையில் அவர் பக்கத்தில் இருந்து பூசை கண்டார். 

ஒன்பதாவது வருட முகாமில், ஒரு சாதாரணக் காலையில், அக்கா பக்கத்திலிருந்த பயிற்றுநரிடம், "அந்தப் பெடியன் வலது காலைத்தான் முதலில் எடுக்கிறான்" என்றார். பின்னேரம் வீடியோவில் பார்த்தோம். இடது கால். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். நாலு தரம் போட்டேன். ஐந்தாம் முறை கேட்கவில்லை. கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார்.

அடுத்த நாள் என்னிடம் ஒரு உதவி கேட்டார். "தம்பி, ஒவ்வொரு நாளும் இருபது ரஷ் வெட்டித் தாரும். நான் முதல் பெரிய ஸ்குரீனிலை தூரத்திலை இருந்து பாத்து, எந்தக் கால் எழும்புது எண்டு சொல்லுறன். நீர் சரி பிழை போடும். வேறை ஆருக்கும் சொல்லவேண்டாம்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. முதல் நாள் ஒரு பிழை. மூன்றாம் நாள் இரண்டு. அவர் சொல்லுவதற்கு முன் தலையை ஒரு பக்கம் சரித்து, நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் பார்ப்பதைக் கவனித்தேன். இரண்டாவது கிழமை ஒரு நாள் ஐந்து பிழை வந்தது. நான் இரண்டு என்று சொன்னேன். இலகுவாக வாயில் வந்துவிட்டது. அவர் இல்லாத மைதானத்தை நான் அப்போது நினைத்துப் பார்த்திருந்தேன், அதுதான் காரணம்.

"ரெண்டோ?"

"ஓம் அக்கா. நல்லாத்தான் இருக்கு."

அடுத்த நாள் காலை என் மேசைக்கு வந்தார். "தம்பி, நேற்றைக்கு ஐஞ்சு. வீட்டிலை ஸ்குரீனிலை மூக்கை வைச்சு ஒவ்வொண்டாப் பாத்தனான்." குரலில் கோபமே இல்லை. "நீர் ரெண்டெண்டு சொன்னனீர்."

நான் தலையைக் குனிந்தேன். ஏன் சொன்னீர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அவருக்குக் கண்ணின் நடுப்பகுதியில் தேய்வு. வைத்தியர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். ஓரப் பார்வை இருக்கும், நடுவில் புகை படியும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் தலைவரின் அறைக்குப் போய், தான் இனி அறிக்கை எழுதுவது சரியில்லை என்று சொன்னார். இரண்டு கிழமைக் கணக்கையும் மேசையில் வைத்தார். தலைவர் கதவைத் திறந்து வைத்தபடி பேசுகிறவர், அதனால் எனக்கும் கேட்டது.

"யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எங்களில் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லையே" என்றார் தலைவர். அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"நான் கவனிச்சனான்" என்றார் அக்கா. ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு ஏனோ அது தமிழில்தான் நினைவில் இருக்கிறது.

வெளியே வந்து என்னிடம், "இண்டைக்கு என்னை வீட்டை கொண்டுபோய் விடுவீரோ? காலமை மகள்தான் இறக்கிவிட்டவ. கார் ஓடுறதையும் விட்டிட்டன்" என்றார். மேசையில் இருந்த நாலைந்து சாமான்களை ஒரு பைக்குள் போட்டார். சந்தித்தவர்களுக்கெல்லாம் திங்கட்கிழமை வருகிறவர்போலச் சாதாரணமாகக் கை காட்டினார். பயிற்சி முடித்து வந்த பெரிய உடம்புக்காரன் ஒருவன், "See you, அன்ரி" என்றான். ஓம் என்று தலையாட்டினார்.

அந்த இரண்டு என்ற பொய்க்கு மன்னிப்புக் கேட்கவேண்டும், எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டு வந்தேன். ஸ்ரீல்ஸ் வீதியில், அக்காவின் வீட்டுப் பக்கம் திரும்புகிற சந்தியில், சிவப்பு விளக்குக்கு நிறுத்தினேன். "அக்கா" என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை. கண் நிறைந்து, முன்கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் கலங்கிப்போய் நின்றது. பின்னாலே ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

அக்கா தலையை ஒரு பக்கம் சரித்து வெளியே பார்த்தார்.

"பச்சை விழுந்திட்டுது தம்பி" என்றார். "காரை எடும்."